பாதி எழுதிய முகம்

"ஆசானே, நீதிபதிக்குப் பயம் கிடையாது. எனக்கு இருக்கிறது. இந்த வேடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றார் வெய் ஷுன்.

நாற்பது வயது நடிகர். சீன இசைநாடகத்தில் கறுப்பு வண்ணத்தில் முகம் எழுதி மேடைக்கு வருபவர் எவருக்கும் அஞ்சாத நீதிபதி. பார்ப்பவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். வெய் ஷுன் அந்த முகத்தோடு மேடையேறினால் அங்கிக்குள் தொடை நடுங்கியது.

ஆசான் கௌ ரென் கண்ணாடி முன் உட்கார்ந்து, அன்று நீதிபதியாகத் தானே ஆடுவதற்காகத் தன் முகத்தின் வலப்பாதியில் கறுப்பைத் தீட்டி முடித்திருந்தார்.

வெளியே ஓர் அலறல்.

கோயில் முற்றத்து மேடையில் படைவீரர்கள் ஏறியிருந்தார்கள். போருக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள். முரசுக்காரர் பெங்கின் கையை முறுக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஐயா!"

"நட!"

கௌ ரென் எழுந்து போனார். அதே பாதி முகத்தோடு.

பின்னால் ஓடிய வெய் ஷுன் மேடையின் வலது ஓரத்தில் நின்றுவிட்டார். அங்கிருந்து ஆசானின் வலப்பக்கம்தான் தெரிந்தது.

"இவன் செய்த குற்றம் என்ன?"

நீதிபதியின் குரல். கோயில் சுவரில் மோதித் திரும்பியது. தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே உறைந்தது.

தளபதி வாளை உருவி ஆசானின் கழுத்தில் வைத்தான். "போருக்கு ஆள் வேண்டும், கிழவா."

"குற்றம் என்னவென்று கேட்டேன்."

தளபதி அந்த முகத்தையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, நீதிமன்றத்தில் நிற்பவனைப் போலத் தலை தானாகத் தாழ்ந்தது.

"விடுங்கடா அவனை."

அவர்கள் இறங்கிப் போனார்கள். கூட்டத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. சிலர் எழுந்து நின்று கைகூப்பினார்கள்.

ஒப்பனை அறைக்குள் வந்ததும் வெய் ஷுன் ஆசானின் காலில் விழுந்தார்.

"வாள் கழுத்தில் இருந்தது. ஒரு நரம்புகூட அசையவில்லையே, ஆசானே! நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்."

கௌ ரென் முகத்தைத் திருப்பினார்.

வண்ணம் படாத இடது கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண்ணோரத்து ஈரம் தாடை வரை வழிந்திருந்தது.

அவர் தூரிகையை நீட்டினார்.

"என் கை நடுங்குகிறது. மீதியை நீ எழுது."