மகாராஜாவைத் தினம் புதைத்த பள்ளிக்கூடம்

தும்பைக்கோட்டை ராஜா கெம்பீரருக்குப் பாகற்காய் என்றால் உயிர். தனக்குப் பிடித்தது ஊருக்கே பிடிக்கும் என்று நினைப்பதுதானே ராஜாக்களின் வியாதி! அரண்மனைப் பாடசாலையின் முன்னூறு பிள்ளைகளுக்கும் தினம் மத்தியானம் பாகற்காய்ச் சோறு போடச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் தின்பார்களா? இலையோடு மதிலுக்கு அப்பால் வீசினார்கள். அந்தப் பக்கம் வந்த ராஜா, ஒரு மாடு அதை முகர்ந்து பார்த்து, தும்மிவிட்டுப் போவதைக் கண்ணால் கண்டார்.

சபையில் ஒரே குதி. "அரண்மனைச் சோறு என்றால் அது நானே! எனக்குச் செய்கிற மரியாதை அதற்கும் உண்டு. ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது. உள்ளேயும் நாறக்கூடாது. யார் பொறுப்பு?"

மடைப்பள்ளி அதிகாரி ரங்கப்பருக்கு விதூஷகர் காளத்தியைக் கண்டாலே ஆகாது. "காளத்திதான் சமர்த்தர், பிரபு. மிச்சம் கண்ணில் பட்டால் அவரே சாப்பிடட்டும்."

"பேஷ்! மூன்று மாதம் வேட்டைக்குப் போகிறேன். வந்து பார்ப்பேன்."

முதல் நாளே ஆறு அண்டா மிஞ்சியது. காளத்தி ஒரு கவளம் வாயில் போட்டுப் பார்த்தார். இரண்டு நாளைக்கு அவருக்கு வெல்லமே கசந்தது. மூன்று மாதத்து மிச்சம்! அப்போதுதான் அரண்மனை யானை செத்தால் நடக்கும் அடக்கம் ஞாபகம் வந்தது. குழி வெட்டி, சருகு பரப்பி, சாணம் கரைத்துத் தெளித்து, மண் மூடி, முரசு அடிப்பார்கள். ராஜ மரியாதை!

மறுநாளிலிருந்து பாடசாலைத் தோட்டத்தில் தினம் ஒரு சாவு; மிஞ்சிய சோற்றுக்கு அதே அடக்கம். அதிகமாக மிச்சம் வைத்தவன் அதிகமாக அழ வேண்டும். குழியை வாரம் ஒருமுறை கிளறி விடுவார்கள். யார் துப்பிய விதையோ, அதில் ஒரு பூசணி முளைத்துக் கூரை ஏறியது.

ராஜா திரும்பியதும் ரங்கப்பர் பெரிய அகப்பையோடு ஓடினார். "பிரபு, நம் பள்ளிக்கூடத்தில் ஒப்பாரி கேட்கிறது!"

இருவரும் போய்ச் சேரும்போது மண் மூடிப் பூவும் போட்டாயிற்று.

"செத்தது யாரடா?"

"மகாராஜா!" என்றார்கள் பிள்ளைகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ராஜா தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தார். "காளத்தி! நான் எப்போது செத்தேன்?"

"தினம் மத்தியானம், பிரபு. சோறும் நீங்களும் ஒன்று என்றீர்களே, மரியாதையில் குறை வைக்கலாமா?"

"மிச்சம் எங்கே ஓய்?" ரங்கப்பர் பழைய குழியில் அகப்பையை விட்டார். கறுகறுவென்று பொலபொலத்த மண் வந்தது. மழை விழுந்த மண்வாசனை. "இதைத் தின்னும்!"

ராஜா முகர்ந்து பார்த்தார். "இது மண், ரங்கப்பா. இதில் சோறு எங்கே?"

"அதோ, கூரைமேல்," என்றார் காளத்தி. யானைத் தலை பருமனில் நாற்பது பூசணிக்காய். "எல்லாம் உங்கள் வாரிசுகள், பிரபு."

ராஜா சிரித்தார். சிரித்த குலுக்கலில் தலைக் கிரீடம் ரங்கப்பர் தோண்டிய குழிக்குள் விழுந்தது. பழக்கதோஷம்! பிள்ளைகள் சருகைப் போட்டு, சாணம் தெளித்து, மண் மூடி, முரசும் அடித்துவிட்டார்கள்.

"இனிமேல் பாகற்காய் வேண்டாம், பூசணிக்காயே சமையுங்கள்! ஐயோ, என் கிரீடத்தை எடுங்கள்!"

"அவசரப்படாதீர்கள், பிரபு," என்றார் காளத்தி. "மூன்று மாதம் பொறுங்கள். எத்தனை காய்க்கிறது, பார்ப்போம்!"