இரண்டு வட்டம் அடித்த மூக்கன்

கண்மாய்க்கு நடுவே நின்ற கருவேல மரத்தில் மூக்கன் என்ற கூழைக்கடாப் பறவைக்கு வீடு. வீடென்றால் அரண்மனை இல்லை. கிளை நுனியில் சுள்ளிகளை அடுக்கி வைத்த கூடு. அதற்குள் இரண்டு நாளைக்கு முன் பொரித்த மூன்று குஞ்சுகள், உடம்பில் ஒரு பூமயிர்கூட இல்லாமல் கிடந்தன.

மூக்கனுக்கு ஒரு பெருமை உண்டு. வானத்திலிருந்து வந்தால் ஒரே இறக்கம்! ஒரே தடவையில் இறங்க முடியாமல் மேலே போய்ச் சுற்றி வருகிற பறவைக்கு அந்தக் கண்மாயில் 'வட்டம்' என்று பட்டப்பெயர். பெயர் வைப்பவை பட்ட மரத்தில் இறகு காயவைக்கும் நீர்க்காகங்கள். வேறு வேலை அவற்றுக்கு என்ன இருக்கிறது? மூக்கனை மட்டும் அவை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

தை மாதத்தில் ஒருநாள் காலை அவன் வயிறு நிறைய மீனோடு திரும்பினான். வாடைக்காற்று குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. சீராக அடித்தாலும் சமாளிக்கலாம். அது கொஞ்சம் ஓயும், பிறகு சட்டென்று வந்து மோதும்.

அலகைக் கூட்டுக்கு நேராக நீட்டினால் காற்று அவனைத் தெற்கே தள்ளியது. மூக்கன் முட்டாள் இல்லை. அலகைக் காற்றுப் பக்கம் திருப்பினான். இப்போது பறப்பது கூட்டை நோக்கித்தான். ஆனால் அலகு மட்டும் பக்கத்து மரத்து நாரை வீட்டைப் பார்த்தது. நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் வந்தான்.

நீர்க்காகங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவற்றில் கருப்பட்டி என்பவன் கத்தினான்: "ஏ மூக்கா! உன் வீடு இந்தப் பக்கம்! நாரை வீட்ல என்ன விருந்தா?"

மூக்கனுக்கு முகம் சுண்டிவிட்டது. வெட்கத்தில் அலகைச் சட்டென்று கூட்டுக்கு நேராகத் திருப்பினான். அதற்காகவே காத்திருந்ததுபோல் காற்று ஓங்கி அடித்தது. ஒரு பக்கச் சிறகு மேலே தூக்கிக்கொண்டது. அத்தனை பெரிய உடம்பும் சாய்ந்தபடியே கூட்டின் மேல் வந்தது.

அவன் மனைவி வெள்ளச்சி குஞ்சுகளைச் சிறகால் மூடிக்கொண்டு அலறினாள்: "வேணாங்க! மேல போங்க! போயிட்டு மறுபடி வாங்க!"

மேலே போனால் இன்றைக்கே அவனும் 'வட்டம்'. எப்படியாவது இறங்கிவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் வெள்ளச்சியின் சிறகுக்கு அடியில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. தான் இடித்தால் அந்தச் சுள்ளிக்கூடு தண்ணீரில்தான் கிடக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பலம் கொண்ட மட்டும் சிறகடித்தான். கால் இலைகளை உரச, மேலே எழும்பினான்.

"வட்டம் ஒண்ணு!" என்று கருப்பட்டி கூவினான்.

மறுபடி வந்தான். கூடு நெருங்கும்போது காற்று மறுபடி முட்டியது. இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அவனே விலகி மேலே போனான்.

"வட்டம் ரெண்டு!"

"எண்ணிக்கிட்டே இருங்கப்பா!" என்றான் மூக்கன். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

மூன்றாம் தடவை அலகைக் காற்றுப் பக்கமே வைத்துக்கொண்டு பொறுமையாக வந்தான். கிளைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் நேராகத் திரும்பினான். காற்றுப் பக்கத்துக் காலை முதலில் வைத்தான், பிறகு மற்றக் காலை. கூட்டில் ஒரு சுள்ளிகூட அசையவில்லை.

குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு மீனுக்கு மோதின. வயிறு நிறைந்ததும் ஒரு குஞ்சு கேட்டது: "ஏம்ப்பா, நாங்க பசியில கெடந்தோம். கிட்ட வந்துட்டு வந்துட்டு ஏன் திரும்பிப் போனீங்க?"

"உங்க மேல விழுந்துடக் கூடாதுன்னுதான் கண்ணு" என்றான் மூக்கன்.

நாலு பேர் சிரிப்பார்களே என்று கைமீறிய காரியத்தை முடிக்கப் பார்ப்பதைவிட, விலகிப் போய் மறுபடி தொடங்குவதே கெட்டிக்காரத்தனம்.