எண் கேட்ட கட்டத்தில் எழுத்து

“இவனுங்களுக்கு எண்ணுன்னா என்னன்னே தெரியாதா?” என்று கத்தினார் தணிகாசலம்.

மெஹருன்னிசா தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு ஐம்பத்து நான்கு. நிலத்தடி நீர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதியவர், நாலு மாதமாக அவளிடம்தான் கணினி வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

“என்ன சார் ஆச்சு?”

“கிணத்துல தண்ணி எத்தனை மீட்டர் ஆழத்துல கிடக்குன்னு ஒரே ஒரு எண் கேட்டோம். நானூறு கிணறு, ஊருக்கு ஊரு ஆள் வச்சு அளந்தோம். நாற்பத்தேழு பேரு கதை எழுதி அனுப்பியிருக்கானுங்க.”

அந்த நாற்பத்தேழைப் பிடித்துக் கொடுத்தது அவரே எழுதிய ரெஜெக்ஸ் என்கிற தேடல் விதி. ஒற்றை வரிதான். முதலிலிருந்து கடைசிவரை இலக்கம் இருக்கட்டும், நடுவே ஒரு புள்ளி வரலாம், வேறு எது கலந்திருந்தாலும் பிடி.

அவள் எட்டிப் பார்த்தாள்.

“சரியா எழுதியிருக்கீங்க.”

“அப்போ அழிச்சிடட்டுமா?”

“அழிச்சா சராசரி என்ன?”

“பதினொண்ணு புள்ளி நாலு. பன்னிரண்டைத் தாண்டினாத்தான் வறட்சிப் பட்டியல். தாண்டல. இந்தக் கோடைக்குத் தண்ணி லாரி தேவையில்லைன்னு நாலு மணிக்கு அறிக்கை அனுப்பிடலாம்.”

“அவங்க எழுதினதைப் படிச்சீங்களா?”

“குப்பையை எதுக்கு மேடம் படிக்கணும்? பிடிக்கத்தானே சொல்லிக் குடுத்தீங்க!”

யார் மேல் இத்தனை கோபம் என்று அவருக்கே விளங்கவில்லை.

மெஹருன்னிசா போனை எடுத்தாள். பிடிபட்ட முதல் வரியில் இருந்த தொலைபேசி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் முன்னால் வைத்தாள்.

“திட்டுங்க சார்.”

எதிர்முனையில் மணி நான்கு முறை அடித்தது. வரியில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டார்.

“பேச்சித்தாயா? கிணறு அளந்தது நீதானே?”

“ஆமா. யாரு?”

“ஆபீஸ். எண் எழுதச் சொன்ன இடத்துல என்ன எழுதி வச்சிருக்கே?”

“‘நாடா பத்தல’ன்னு எழுதினேன்.”

“அது எண்ணா?”

“நீங்க குடுத்த அளவு நாடா முப்பது மீட்டர். முழுசா விட்டேன். தண்ணியைத் தொடல. என்னத்த எழுத?”

“முப்பதுன்னு போட வேண்டியதுதானே!”

“முப்பதுல தண்ணி இருந்தா, நான் எதுக்கய்யா குடத்தைத் தூக்கிட்டு பக்கத்து ஊருக்கு நடக்கேன்?”

தணிகாசலம் திரைக்குத் திரும்பினார். அடுத்த வரியைப் படித்தார். கல்லு தட்டுது. அதற்கடுத்தது. சேறு மட்டும். அதற்கடுத்தது. போன மாசமே மூடியாச்சு.

“லைன்ல இருக்கீங்களா?” போனில் இப்போது குரல் ஏறியிருந்தது. “எண்ணுதான் வேணும்னா சொல்லுதேன், எழுதிக்கோங்க. எங்க தெருவுல அறுபத்து மூணு வீடு.”

அவர் பேனாவைத் தேடினார்.

“எழுதிட்டீங்களா?”

தணிகாசலம் எழுதினார். பிறகு பதினொன்று புள்ளி நாலை அழித்தார்.