பெயரில்லாமல் போன உப்பளக் கட்டுரை

“என் பேரை எடுக்கச் சொல்லுதாங்க மேடம்” என்று வந்து நின்றார் பொன்னுலிங்கம்.

“எடுத்துடுங்க சார்” என்றார் பேராசிரியர் அமலி.

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்கு அமலியிடம் பதிவு செய்திருந்தார். அதனால் இரண்டு பேருக்கும் நடுவே ‘சார்’, ‘மேடம்’தான்.

உப்பளத் தண்ணீரில் வளரும் உப்பு இறாலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பெரிய ஆய்விதழ் ஒன்று படிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தது. எழுதியது யாரென்று தெரியாமல்தான் மதிப்பிடுகிறவர் படிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இந்தக் கட்டுரையிலோ திரும்பிய பக்கமெல்லாம் பொன்னுலிங்கம் நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஒரு தடவை அனுப்பலாம். அதிலும் தேறாவிட்டால், ஆய்விதழில் கட்டுரை வராதவருக்குப் பட்டம் கிடையாது.

“பேரை எடுத்தா, யாரு எழுதுனதுன்னு எப்படி மேடம் தெரியும்?”

“தெரியக் கூடாதுன்னுதான் சார் கேக்காங்க.”

போனார். மறுநாள் வந்தார்.

முதல் பக்கத்தில் பெயர் இல்லை, கல்லூரி இல்லை, ஈமெயில் இல்லை. வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி, நாலு பக்கமும் ஒரே அளவு ஓரம், அவர்கள் சொன்ன எழுத்துரு. கல்யாணப் பந்தியில் போட்ட இலை மாதிரி பளிச்சென்று இருந்தது.

அமலி பக்கங்களைப் புரட்டி, ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். உப்புப் பாத்தி. பாத்தி ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர்.

“நம்பர் பிளேட் தெரியுது. இன்னும் இருக்கீங்க சார்.”

அடுத்த தடவை நன்றியுரையில் இருந்தார், மனைவி பெயரோடும் முதல்வர் பெயரோடும். அதை எடுத்துவிட்டு வந்தால், கணினிக் கோப்பின் விவரத்தில் ‘பொன்னுலிங்கம் வீடு’ என்று உட்கார்ந்திருந்தார். எங்கெல்லாம் போய் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

மேற்கோள்களுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கோடை வெயிலில் பாத்தி பாத்தியாக நின்று, தண்ணீரில் உப்பு ஏற ஏற இறால் எப்படிச் சிவக்கிறது என்று பார்த்து எழுதியது. பேர் தெரியாத ஒரு இதழில் வந்தது. அந்த இதழும் அடுத்த வருஷமே நின்றுபோனது. கட்டுரையை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் அது அவர் பெற்ற பிள்ளை. ‘நான் முன்பே காட்டியபடி’ என்று புதுக் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் அதைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

“இதையும் எடுக்கணும் சார். ஏத்துக்கிட்ட பெறகு சேத்துக்கலாம்.”

“முடியாது மேடம்.”

“ஏன்?”

“அஸ்திவாரமே அதுதான். அதை எடுத்துட்டா நேத்து வந்தவன் எழுதுன மாதிரி இருக்கும்.” மேற்கோள் பட்டியலை உள்ளங்கையால் மூடினார். “எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான் மேடம்.”

அமலி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, டீ குடிக்க எழுந்து போனார்.

பொன்னுலிங்கம் மடிக்கணினியை அருகே இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு ‘நான் முன்பே’யாக அழித்தார். சில வாக்கியங்கள் தாங்க ஆளில்லாமல் சரிந்தன. இந்த வருஷத்து அளவுகளைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்து நிமிர்த்தினார். வயிற்றெரிச்சலோடுதான் செய்தார். கட்டுரை முன்னைவிட உறுதியாகிவிட்டது என்பதை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை.

அமலி வந்து கடைசி வரி வரை படித்தார்.

“இப்ப நீங்க இல்ல சார்.”

அன்றே அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பொன்னுலிங்கம் தாளைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது.

“பாருங்க மேடம்! கட்டுரை நல்லாருக்கு, சின்னத் திருத்தத்தோட போட்டுக்கிடுதோம்னு சொல்லிட்டு, கடைசியில நான் படிக்காதவன்னு எழுதிருக்காரு இந்த மனுசன்! அதுக்கு மேல எனக்கு வாசிக்கவே மனசு வரல.”

“யாரு, மதிப்பிட்டவரா? வாசிங்க.”

தாளை நீவிவிட்டு, கோபம் குறையாமல் வாசித்தார்.

“‘ஆய்வாளர் திறமையானவர். ஆனால் இத்துறையின் அடிப்படையான ஒரு கட்டுரையை அவர் அறியாதிருப்பது வியப்பளிக்கிறது.’ பாத்தீங்களா?”

“மேல வாசிங்க சார்.”

“‘உப்பு ஏறுவதையும் இறால் சிவப்பதையும் பாத்தி பாத்தியாக நின்று முதலில் பதிவு செய்தவர்…’”

தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“வாசிங்க.”

“‘…முதலில் பதிவு செய்தவர் பொன்னுலிங்கம். என் மாணவர்களுக்கு நான் ஒவ்வொரு வருஷமும் அதைப் பாடமாக வைக்கிறேன். ஆய்வாளர் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.’”

அந்தப் பெயரை மறுபடி பார்த்தார். முதல் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக்கூட்டிப் பார்த்தார். எந்த ஊரோ, எந்த நாடோ. முகம் தெரியாத ஒருவர் ஒரு வகுப்பில் நின்று இத்தனை வருஷமாகத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பொன்னுலிங்கம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பெருமையாக இருந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாமல், வயிறு நிறையப் பெருமையாக இருந்தது.

“இதுக்கு என்ன மேடம் பதில் எழுத?”

அமலி எதிரிலிருந்த நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்.

“கட்டாயம் படிக்கணும்னு சொல்லிருக்காருல்லா? மொதல்ல உக்காந்து படிங்க சார்.”