அரசர் தும்மினார், கொட்டகை பிழைத்தது

வெட்டிவேர்ப்பட்டினம் என்றொரு ஊர் அந்தக் காலத்தில் இருந்தது. அதை ஆண்ட சீராளவர்மருக்குப் படையெடுக்கும் ஆசையும் இல்லை, கோட்டை கட்டும் ஆசையும் இல்லை. தும்முவதில்தான் ஆசை. சிரிக்காதீர்கள். நம் வீட்டில் குழந்தை தும்மினால் "நூறு" என்று ஆயுசு சொல்கிறோமே, அதேபோல் அவர் தும்மினால் சபை முழுக்க ஆயுசு சொல்லும். யார் பெரிய எண்ணாகச் சொல்கிறாரோ அவர் விரலுக்கு ஒரு மோதிரம். கருவூல அதிகாரி தனகோடியார் இப்படியே எட்டு மோதிரம் சேர்த்துவிட்டார். கட்டைவிரல் இரண்டும்தான் பாக்கி.

அந்த வருஷம் பல தேசங்களைச் சுற்றிவந்த கொள்ளைக் காய்ச்சல் இந்த ஊருக்குள்ளும் நுழைந்தது. மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அரண்மனை வைத்தியர் இருந்தார். வெளியே உப்புக் குப்பத்துக் கூலி ஜனங்களுக்கு மருதாயி ஒருத்திதான். நாலு ஓலைக் கொட்டகை போட்டு, காசில்லாத முந்நூறு பேரைப் படுக்கவைத்து, கஷாயமும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தார் கொடுத்த அரிசி இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும் என்ற நிலை வந்தது. கொட்டகையை மூடினால் பாதிப் பேர் பிழைக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்து அழ அவளுக்கு ஏது நேரம்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரண்மனைக்குக் கிளம்பிவிட்டாள்.

இடுப்பில் ஒரு பொட்டலம். உள்ளே மிளகும் சுக்கும் திப்பிலியும் சேர்த்து இடித்த பொடி. அரண்மனைக்குப் பால் ஊற்றும் தம்பி வீரணன் சபை வழக்கத்தை அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தான்.

"மகாராசா, கொட்டகைக்கு அரிசி வேணும், மருந்து வேணும். கருவூலத்துலேருந்து ஒத்தாசை பண்ணணும்" என்று கும்பிட்டாள்.

தனகோடியார் முந்திக்கொண்டார். "அரசே, நம் மதில் முப்பது முழம். அதைக் காய்ச்சல் தாண்டுமா? இருக்கிற பணத்தில் மதிலை இன்னும் பத்து முழம் உயர்த்துவோம்."

"நல்ல யோசனை!" என்றார் அரசர். அவருக்குக் கடைசியாகக் காதில் விழுந்த யோசனைதான் எப்போதும் நல்ல யோசனை.

மருதாயி கோபத்தை விழுங்கிக்கொண்டாள். "சரிங்க மகாராசா. எங்க மருந்தையாவது ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க" என்று சாமரம் வீசுகிறவர் பக்கத்தில் போய் நின்று பொட்டலத்தைப் பிரித்தாள்.

சாமரம் ஒரே ஒரு வீச்சுதான் வீசியது. அரசர் தூண் அதிரத் தும்மினார்.

"நூறு!" என்றார் சேனாதிபதி.

"ஐந்நூறு!" என்றார் அரண்மனைக் கவிராயர்.

தனகோடியார் கட்டைவிரலை நீவிவிட்டுக்கொண்டு, "ஆயிரம்!" என்று முழங்கினார்.

அரசர் பூரித்துப்போனார். மூக்கைத் துடைத்தபடி மருதாயியைப் பார்த்தார். "ஏன் பெண்ணே, நீ ஒன்றும் சொல்லவில்லையே?"

"ஒரு வருசம், மகாராசா."

தனகோடியார் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா அரசே! இவள் தலையைச் சீவ வேண்டாமா?"

"சீவலாம். முதலில் காரணத்தைச் சொல்லட்டும்."

"என்னால குடுக்க முடிஞ்சதைத்தான் சொன்னேன், மகாராசா. கொட்டகை நடந்தா இந்த வருசம் காய்ச்சல் உங்களை அண்டாம நான் பாத்துக்குவேன். காலையில நீங்க குடிச்ச பாலைக் கறந்தது என் தம்பி. அவன் புள்ளை என் கொட்டகையில கெடக்குது. உங்க பட்டுத்துணியை வெளுத்தது எங்க தெருவு. இந்த மாலையைக் கட்டினவளுக்கு நேத்துத்தான் காய்ச்சல் விட்டுச்சு. மதில் எத்தனை முழம் இருந்தா என்ன, வாசக்கதவு தினம் தொறக்குதே! அங்க நிறுத்தினாத்தான் இங்க வராது. ஆயிரம் வருசம் சொன்ன ஐயா அதை எப்படிக் குடுக்கப்போறாருன்னு கேளுங்க."

அரசர் கழுத்து மாலையை மெல்லக் கழற்றித் தள்ளிவைத்தார். "தனகோடியாரே, ஆயிரத்துக்கு என்ன வழி?"

"அது... சும்மா ஒரு வாழ்த்து, அரசே..."

"சும்மாவா?" அரசருக்கு முகம் சிவந்தது. "சும்மா சொன்னதற்கா எட்டு மோதிரம்?"

"வழி நான் சொல்றேன்" என்றாள் மருதாயி. "சொன்ன ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு நோயாளி. அவங்க எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் கஞ்சியும் மருந்தும் சொன்னவங்க வீட்டுச் செலவு."

"பேஷ்! அப்படியே ஆகட்டும்."

தனகோடியாருக்கு வியர்த்துக்கொட்டியது. "அரசே, அவசரத்தில் ஆயிரம் என்றுவிட்டேன். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்."

மருதாயி கன்னத்தில் கைவைத்தாள். "ஐயய்யோ! மகாராசா ஆயுசுல தொள்ளாயிரத்தைக் கொறைக்கிறாரே!"

அரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். "என்ன சொன்னீர்?"

"ஆயிரம், அரசே! ஆயிரமேதான்!"

எட்டு மோதிரங்களும் அப்போதே கழன்று மருதாயியின் முந்தானைக்குப் போயின. அரசருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உனக்கென்று என்ன வேண்டும், கேள்."

"அந்த மதில் பணம், மகாராசா. வருசா வருசம் கொட்டகைக்கு வரணும். தினமுமா உங்களைத் தும்மவைக்க முடியும்?"

பணம் வந்தது. நாலு கொட்டகை ஒன்பது ஆயிற்று. அதற்குப் பிறகு அரசர் எத்தனை பலமாகத் தும்மினாலும் சபையில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

ஒரு மாதம் கழித்துத் தனகோடியாருக்கே காய்ச்சல் கண்டது. அரண்மனை வைத்தியர் அதற்குள் பயந்து ஊரை விட்டே ஓடியிருந்தார். வேறு வழியில்லாமல் வீட்டார் அவரைக் குப்பத்துக் கொட்டகைக்குத் தூக்கிவந்தார்கள். மருதாயி ஒரு குத்தல் பேச்சுகூடப் பேசவில்லை. உப்பு வாருகிறவர்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுக்கவைத்து, மிளகுக் கஷாயத்தை ஆற்றி நீட்டினாள். அந்த நெடி ஏறியதும் அவருக்குப் பெரிதாக ஒரு தும்மல் வந்தது.

"நூறு!" என்றார்கள் சுற்றிப் படுத்திருந்த முப்பது பேரும், எழுந்திருக்கத் தெம்பில்லாமல், மெலிந்த குரலில்.

தனகோடியார் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அங்கே மோதிரத்துக்காகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"மருதாயி, இன்னும் எத்தனை பேருக்குப் பாய் வேண்டும், சொல்லு" என்று கேட்டார்.

"மொதல்ல கஞ்சியைக் குடிங்க ஐயா" என்றாள் அவள்.