குதிரைமேட்டு முற்றுகை

வேம்பனூர் சீமைக்குச் சமாதானம் வந்தபோது, குதிரைமேடு என்ற ஊர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட பக்கத்து ராஜா, நம் இளவரசியைத் தன் மகனுக்குக் கட்டிவைத்துச் சம்பந்தியாகிவிட்டார். இனி யாரோடு போர்? குதிரைமேட்டுப் பாசறையைக் கலைத்தார்கள். வீரர்கள் வீட்டுக்குப் போனார்கள், குதிரைகள் விலைக்குப் போயின. அந்தக் குதிரைகளுக்குப் புல் அறுத்தவர்களும் லாடம் அடித்தவர்களும் கொள்ளு வேகவைத்தவர்களும் பூட்டிய வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.

அரண்மனையில் அம்பலவாணர் என்றொரு மந்திரி. வாய் கொஞ்சம் நீளம், மனிதர் நல்லவர். அவர் ஒரு யோசனை சொன்னார். லாயங்கள் நீளமாக இருக்கின்றன, தறி போடலாம். குதிரை குளிப்பாட்டிய குளத்து நீரில் நூலுக்குச் சாயம் ஏற்றலாம். அணிவகுப்பு மைதானத்தில் மாட்டுச் சந்தை கூட்டலாம். மன்னர் விசயரங்கரும் தலையை ஆட்டிக்கொண்டேதான் கேட்டார்.

அப்போது தளவாய் நரசப்பர் தொண்டையைச் செருமினார். படை கலைந்த பிறகும் பாசறைக்குக் காவல் என்று சொல்லி, பதவியும் பல்லக்கும் குறையாமல் அனுபவித்து வருபவர்.

"எல்லாம் சரி. எதிரி வந்தால்?"

அவ்வளவுதான், மன்னர் முகம் சுருங்கிவிட்டது. தளவாயின் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எந்த யோசனையும் நின்றதில்லை. கிணறு வெட்டலாமா என்றாலும் அவர் அதைத்தான் கேட்பார். கடைசியில் உத்தரவு வந்தது: தளவாய் சம்மதியாமல் பாசறையைத் திறக்கக் கூடாது, ஊருக்கும் வேலை கிடைத்தாக வேண்டும். தை பிறப்பதற்குள் நடக்காவிட்டால் அம்பலவாணர் மந்திரி வேலையை விட்டுவிட்டுப் போகலாம்.

அம்பலவாணர் குதிரைமேட்டுக்குப் போனார். புல்லுக்கட்டு விற்றவர்களுக்கெல்லாம் தலைவியாக இருந்த மாரக்காள், வண்டியில் பானை சட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்து என்னங்கய்யா செய்ய? தை பொறந்தா ஊரே வண்டி கட்டுது. எம் மவளும் மருமவனும் போன வாரமே போயிட்டாக."

பதவி போனாலும் அம்பலவாணருக்குப் படுத்துக்கொள்ள வீடு இருக்கிறது, இவர்கள் எங்கே போவார்கள்? அவர் பாசறை வாசலுக்குப் போய், கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

"சாமானை இறக்க வேண்டாம், மாரக்காள். மாட்டை மட்டும் இந்தப் பக்கம் திருப்பு" என்றார்.

மார்கழி கடைசியில் ஒரு காலை அரண்மனை முரசு அதிர்ந்தது. குதிரைமேடு முற்றுகையாம்! மன்னர் யானையேறி விரைந்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த தளவாய், வழியும் தலையோடு வாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அங்கே ஊரே மதிலைச் சுற்றி வளைத்திருந்தது. அம்பலவாணர் வரவழைத்த தறிகள், பட்டறைக் கல், கொள்ளு அண்டா, மாட்டு வண்டிகள். ஒரு காக்கை உள்ளே போக வேண்டுமென்றாலும் பறந்துதான் போக வேண்டும்.

மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. இது என்ன விளையாட்டு என்று அதட்டினார்.

அம்பலவாணர் கைகட்டி நின்றார். "விளையாட்டில்லை, அரசே. பாசறையை வளைத்துக்கொண்டு வாசலைத் திற என்கிறவனைத்தானே எதிரி என்கிறோம்? தளவாய் இத்தனை நாள் காத்திருந்த எதிரி வந்தாயிற்று. மேற்கொண்டு என்ன என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்."

தளவாய் வாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கேள்வியோடு காரியம் முடிந்து பழகியவர், பதிலுக்கு எங்கே போவார்?

"உள்ளிருக்கும் காவல் படையை வெளியே வரச் சொல்லும்" என்றார் மன்னர்.

கதவு திறந்தது. முதலில் ஆடுகள் வந்தன. நல்ல கொழுத்த ஆடுகள். அப்புறமும் ஆடுகள். எல்லாம் தளவாய் வீட்டு ஆடுகள். அவற்றின் பின்னால், காவல் தலைவர்கள் என்று சம்பளம் வாங்கிவந்த தளவாயின் மைத்துனர்கள் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள்.

மன்னர் தளவாயைத் திரும்பிப் பார்த்தார். தளவாய் நெற்றி எண்ணெயை வழித்தார். "அரசே, உள்ளே காப்பதற்கு என்ன இருக்கிறது? இடிந்த லாயமும் பாசி பிடித்த குளமும்தான். இதைப் பிடித்து எந்த எதிரி என்ன செய்யப்போகிறான்?"

"தறி போடுவோம் சாமி" என்றாள் மாரக்காள்.

மன்னரின் உதட்டோரம் துடித்தது. "காக்க ஒன்றுமில்லை என்று தளவாயே சொல்லிவிட்டார். தோற்ற தளபதி தன் கையால் சாவியைக் கொடுப்பது போர் முறை. கொடும்."

கொடுத்தார். மாரக்காள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சித்திரையில் மன்னர் குதிரைமேட்டைப் பார்க்கப் போனார். லாயங்களில் தறிச் சத்தம் காதை அடைத்தது. மாரக்காளின் மகளும் மருமகனும் திரும்பி வந்திருந்தார்கள். சந்தையில் கால் வைக்க இடமில்லை. இருந்தும் பழைய பயம் மன்னரை விடவில்லை. அம்பலவாணரின் காதோரம் குனிந்து, ஒருவேளை நிஜமாகவே எதிரி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

அம்பலவாணர் வாசலைக் காட்டினார். பாசறைக் காவல் போய்ச் சந்தைக் காவலுக்கு வந்திருந்த நரசப்பர், ஒரு காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தி அதன் சொந்தக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"வரட்டும், அரசே. சுங்கம் கட்டாத யாரையும் தளவாய் உள்ளே விடுவதில்லை."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டுவிட்டுப் புறப்பட்டார். வாசலில் தளவாய் மன்னரின் யானையையும் நிறுத்திச் சுங்கம் கேட்டாராம்.