பார்லியில் தெரிந்த கட்டம்

"ரீச்சர், ஒவ்வொரு படத்துக்கும் 'இருக்கலாம்' எண்டு எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போச்சு," என்றார் குலவீரசிங்கம்.

துஷ்யந்தி கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் பருத்தித்துறையில் நில அளவையாளராக இருந்தவர். மகளோடு இருக்க இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் வந்து சேர்ந்தவர். துஷ்யந்தி அங்கேயே பிறந்து தொல்லியல் படித்தவள். வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, மண்ணுக்கடியில் என்ன புதைந்திருக்கிறது என்று ஊகிக்க ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவரும் அந்த வகுப்பில் சேர்ந்தார். முதல் நாளே ரீச்சர் என்று கூப்பிட்டார். அது நிலைத்துவிட்டது.

பாடம் எளிது. ஒரு காலத்தில் வயலை வளைத்துப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பிறகு அது தூர்ந்து, மேலே உழுது, தடமே இல்லாமல் போயிருக்கும். ஆனால் தூர்ந்த மண்ணில் ஈரம் கூடுதலாக நிற்கும். மழையில்லாத கோடையில் வயல் முழுக்க வெளிறும்போது, பள்ளத்தின் மேல் நிற்கிற பயிர் மட்டும் பச்சை மாறாது.

மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு.

அன்று அவர் படத்தில் கண்டுபிடித்தது ஒரு நீள்சதுரம். மூலைகள் சற்றே வளைந்திருந்தன. ஒரு பக்கம் வாசல் போல இடைவெளி.

"இது ரோமர் காலத்து வயல் அடைப்புத்தான். என்ர கண் பிழைக்காது."

"இருக்கலாம்," என்றாள்.

"அந்த வயலில ஒரு கம்பனி சரளைக்கல் அள்ளப்போகுது பிள்ளை. அனுமதி குடுக்கிறதோ எண்டு வாற கிழமை விசாரணை. பழைய இடமெண்டா நிப்பாட்டலாம் எண்டு ஊர்ச்சனம் முழுக்க என்னை நம்பிக்கொண்டிருக்கு. 'இருக்கலாம்' எண்டு போய்ச் சொன்னா ஆர் கேப்பினம்?"

அவருக்குக் கோபம் வந்தால் ரீச்சர் பிள்ளையாகிவிடுவாள்.

"எத்தினை வேலிச் சண்டை தீர்த்தனான். நான் எல்லைக்கல்லு நட்டா ரெண்டு பக்கமும் வாயை மூடுவினம். அப்பிடி வேலை செய்த ஆள் நான்."

அவள் இன்னொரு படத்தை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"இதில அந்தக் கோடு எங்கை எண்டு காட்டுங்கோ அண்ணை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரே பச்சை.

"ஒண்டுமில்லை. இது வேற வயல்."

"அதே வயல்தான். நல்லா மழை பெய்த வருசம்."

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப, தெரியாட்டிலும் இருக்கும்."

"ம்."

"தெரிஞ்சா கட்டாயம் இருக்குத்தானே?"

"என்னவோ இருக்கு. ரோமர் வெட்டினதோ, பிறகு வந்த ஆரும் தண்ணி வடிய வெட்டின வாய்க்காலோ. பயிருக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"உங்களோட கதைக்கேலாது," என்று எழுந்தார்.

"காரில ஏறுங்கோ அண்ணை."

வயல்காரரிடம் சொல்லிவிட்டு அந்த வயலில் இறங்கினார்கள். பார்லி இடுப்பளவு நின்றது. கோடு தெரிந்த படத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்கள் முன்னால நடவுங்கோ. வாசலால உள்ளுக்குப் போவம்."

நடந்தார். படத்தைப் பார்த்தார், ஓரத்து மரங்களைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். எங்கே பயிர் உயரம், எங்கே பச்சை கூடுதல் என்று தேடினார். எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது. காற்று அடிக்கும்போது இருந்த நிறமும் மாறிப்போனது. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தார்.

அளவு நாடாவும் கருவியும் இருந்தால் படத்திலுள்ள புள்ளிக்குச் சரியாக வந்து நின்றிருப்பார். காலுக்குக் கீழே என்ன என்று நாடா சொல்லாது. அது அவருக்குத் தெரியும்.

"வந்திட்டமோ?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"வந்திருக்க வேணும்."

"இப்ப நாங்கள் அடைப்புக்கு உள்ளுக்கோ, வெளியிலோ?"

ஒரு முறை சுற்றித் திரும்பிப் பார்த்தார்.

படத்தை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

விசாரணை ஊர் மண்டபத்தில் நடந்தது. உட்கார இடமில்லாமல் சனம் சுவரோரம் நின்றது. துஷ்யந்தி கடைசி வரிசையில் இருந்தாள். கம்பனி வழக்கறிஞர் அந்தப் படத்தைத் திரையில் போட்டார்.

"இதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். இது ரோமர் காலத்ததா?"

மண்டபமே குலவீரசிங்கத்தைப் பார்த்தது. ஆம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"இருக்கலாம்."

பக்கத்து வீட்டுக்காரி தலையில் கைவைத்தாள்.

"இல்லாமலும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"ஆக, அங்கே என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

வழக்கறிஞர் சிரித்தார். "தெரியாத ஒன்றுக்காகவா வேலையை நிறுத்தச் சொல்கிறீர்கள்?"

"ஆம்," என்றார் குலவீரசிங்கம். "கீழே என்ன இருக்கிறதென்று தெரிந்த இடமாகப் பார்த்துத் தோண்டுங்கள்."